ஆறரை இஞ்சு பேண்டோட கொரலு யாருது

திருச்செங்கோட்டுல தெருவுக்கு நாலு போர்வெல் வண்டி நின்ன காலத்துல, ஊரு ஆம்பளைங்க பாதிப்பேரு மத்தியப் பிரதேசம், ஒரிசா, அஸ்ஸாமுன்னு கண்ட கண்ட சீமைக்கெல்லாம் போயி பூமியில ஓட்டை போட்டுட்டு மழைக்காலத்துக்குத் திரும்பி வந்துட்டு இருந்த காலத்துல, அப்புடிப் போன மூணு பேரு நாக்பூர்ல ஒரு பழைய கேசட் கடையில எலும்புக்கூடு படம் போட்ட கேசட்டா அள்ளிட்டு வந்து, ராத்திரி பகலாக் கேட்டு, தலைக்கேறிப் போயி, கிடாரும் ட்ரம்ஸும் வாங்கி ஆரம்பிச்ச, காதைக் கிழிக்கற த்ராஷ் மெட்டல் பேண்டு பேருதானுங்க ஆறரை இஞ்சு. போர்க்குழியோட அகலம் ஆறரை இஞ்சு, அதனால அந்தப் பேரு. அதுல அசிங்கமா நெனைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, நெனைக்கறவங்க நெனைச்சுக்கட்டும்.

மாதேசு பாட்டும் கிடாரும், குப்பண்ணன் ட்ரம்ஸு, சாதிக் பாய் பேஸு. தொண்ணூத்தெட்டுல சேலத்துல பக்திப் பாட்டு பதியற ஸ்டுடியோ ஒண்ணுல ஒரே பகல்ல எட்டுப் பாட்டுப் பதிஞ்சாங்க. மொதப் பாட்டு முடிஞ்சதும் அங்கிருந்த ஒலிப்பதிவுக்காரரு, "தம்பி, ஒயர்ல கோளாறு, இரைச்சலா வருது"ன்னு சொல்லி மெசினைப் பிரிச்சுப் போட்டு ஒரு மணி நேரம் தேடுனாரு. 'ராடு மாத்து'ன்னு பேரு வெச்சு முந்நூறு கேசட்டுப் போட்டாங்க. மறு வருசம் ராய்ப்பூரு பக்கத்துல வண்டி கவுந்து மாதேசு போயிட்டான், கையில ஒண்ணரை வயசுப் பொண்ணை விட்டுட்டு. குப்பண்ணன் இந்தூருக்குப் போனான், சாதிக் பாய் துபாய்க்குப் போனாரு, பேண்டு அத்தோட முடிஞ்சுது.

ரசிகர் மன்றம் முடியலீங்க. நான் அர்த்தநாரி, மன்றத்தோட செயலாளரு, அந்த வண்டியில அவங்களோட ட்ரில்லரா இருந்தவன், இப்ப பாறையைக் கொடையற போர் பிட்டுல தேஞ்ச பட்டனைத் தீட்டிக் குடுக்கற பட்டறை வெச்சிருக்கறேன். பதினோரு பேரு உறுப்பினரு. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு என்ற பட்டறையில கூடுவோம், டேப்ரெக்கார்டர்ல ரெண்டு பக்கமும் போட்டுக் கேப்போம், அப்பறம் சண்டை போடுவோம். எங்க பேண்டு அண்டர்ரேட்டட்னு வெளியூர்ல நாலு பேரு எழுதியிருக்கறாங்க. அடப் போங்க சாமி, அண்டர்ரேட்டட்னு சொல்றதுக்கே மொதல்ல ஒருத்தன் ரேட்டு போட்டிருக்கோணும்.

சண்டையெல்லாம் ஒரே சண்டைதான், இவங்க இசை எங்கிருந்து வந்துச்சுங்கறது. லேத்துப் பட்டறை பூபதி அமெரிக்கக் கட்சி, கலிபோர்னியாக் கரையோரப் பசங்க வாசிச்சதுதான் எல்லாத்துக்கும் மூலமும்பான். ரெண்டு பேரு ஜெர்மன் கட்சி. ஒருத்தரு பிரேசில் கட்சி, தனி ஆளா இருந்தாலும் பத்து ஆளு சத்தம் போடுவாரு. நான் எந்தக் கட்சியும் இல்லை, நான் இருந்த ஆளு, பாத்த ஆளு. அந்தத் திமிரு எனக்கு நெறையா உண்டு, மறைக்கறதுக்கில்லை. இருபத்தி அஞ்சு வருசமா அந்தப் பட்டறையில ஒரு கேள்விக்குக் கூட நான் பதில் சொல்லாம விட்டதில்லைங்க.

போன வருசம் ஆனி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, 'கேசிங்'குங்கற பாட்டுல மொதல்ல திருப்பித் திருப்பி வர்ற கிடார் ரிஃப்பு எங்க பழைய வண்டியோட கம்ப்ரஸர் சத்தம்தான், முந்நூறு அடியில கருங்கல்லு தட்டுனா அது இப்புடித்தான் மூணு எட்டு வெச்சு ஒரு எட்டு தடுக்கும்னு நான் மேசையில தட்டித் தட்டி நிரூபிச்சேன். பூபதி பதில் சொல்லலை. வாயில போண்டா இருந்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லீட்டுத் திரியறான். மத்தவங்களும் பேசலை. சரின்னு கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டா, அந்த ரிஃப்பு அதுல இல்லை. ட்ரம்ஸு இருக்குது, பேஸு இருக்குது, மாதேசு கத்தறான், கிடாரு இருக்க வேண்டிய எடத்துல சும்மா காத்து ஓடுது. பூபதி வீட்டுக் கேசட்டுலயும் இல்லை, கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சதுலயும் இல்லை. அன்னைக்குப் பொழுதோட எலச்சிபாளையத்துல ஒரு தோட்டத்துல போரு போட்டுட்டு இருந்த அந்தப் பழைய வண்டியோட கம்ப்ரஸரு 'கேசிங்' பாட்டை வாசிக்க ஆரம்பிச்சுருச்சுன்னு வண்டிக்காரன் போனு பண்ணுனான். "ஓடுதா?"ன்னேன். "நல்லா ஓடுதுங்ணா"ன்னான். "அப்பறம் என்ன?"ன்னு வெச்சுட்டேன்.

ரெண்டு மூணு வாரத்துல கணக்கு எங்களுக்குப் புரிஞ்சுது. கேசட்டை நடுவுல வெச்சுக் கூடி உக்காந்து, இந்தச் சத்தம் இன்னார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லி, அதை எதிர்த்துப் பேச அங்க ஒருத்தனுக்கும் வாய் வரலைன்னா, அந்தச் சத்தம் எல்லாக் கேசட்டையும் விட்டுட்டு அந்த ஆளுகிட்டயே போயிருது. நெசமா பொய்யாங்கறதுல அதுக்கு அக்கறை இல்லை. வேற ஊரா இருந்தா கூட்டத்தை நிறுத்தியிருப்பாங்க. நாங்க கூட்டத்தை வாரம் ரெண்டாக்குனோம். வெவாதத்துல செயிச்சா கையோட பலன் தெரியுதுன்னா எந்த ரசிகனுங்க சும்மா இருப்பான்?

ட்ரம்ஸு மாரியம்மன் கோயில் பம்பைக்காரங்களுக்குப் போச்சு. ஐப்பசி நோம்பியில அவங்க அதை வாசிச்சப்ப சாமியாடறவங்களால வேகத்துக்கு ஈடு குடுக்க முடியலை, மூணு பேரு மயங்கி விழுந்தாங்க. கோயில் கமிட்டி கூடிப் பேசி, பம்பையைக் குறைக்க வேண்டாம், சாமியாடறவங்களுக்கு எளநீ எச்சா ரெண்டு குடுக்கலாமுன்னு தீர்மானம் போட்டாங்க. பேஸு அரிசி மில்லுக்குப் போச்சு, அங்க வேலை செய்யறவங்க நாள் பூரா தலையை ஆட்டிக்கிட்டே மூட்டை தெச்சதுல ஆறு பேருக்குக் கழுத்து வலி வந்து, டாக்டரு ஆறு பேருக்கும் ஒரே கழுத்துப் பட்டையை எழுதிக் குடுத்தாரு. 'ஆயிரம் அடி' பாட்டுல கிடாரு மட்டும் தனியா வர்ற சோலோவைப் பூபதி ரெண்டு மணி நேரம் பேசி அமெரிக்காவுக்கு அனுப்பி வெச்சான். அங்க ஒரு பேண்டோட நாப்பது வருசப் பழைய ரெக்கார்டுல திடீர்னு பதினொரு விநாடி கூடிப் போச்சுன்னும், அது என்ன ஊரு வாசிப்புன்னு தெரியலைன்னும் ஒருத்தன் இண்டர்நெட்டுல எழுதியிருந்தான். பூபதி அதை பிரிண்டு போட்டு லேமினேசன் பண்ணி லேத்துக்கு மேல மாட்டிக்கிட்டான்.

ஊரும் பழகிக்கிச்சுங்க. பேண்டுங்கறதையே கேள்விப்படாத சனமெல்லாம் மனுவோட வர ஆரம்பிச்சுது. கூட்டப்பள்ளியில இருந்து ஒரு பொம்பளை பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிட்டு வந்து, "உங்க பாட்டுல டிஷ்ஷு டிஷ்ஷுன்னு வர்றது எங்க வீட்டுத் தாம்பாளம், குப்பண்ணன் சின்னதுல எங்க வீட்டுல வந்துதான் தட்டிக்கிட்டுக் கெடப்பான்"னு சொல்லி ஒரு தட்டுத் தட்டுனா பாருங்க, ஒருத்தனுக்கும் வாய் வரலை. சிம்பலும் போச்சு. இப்ப அந்த ஊட்டுல சீருக்குத் தட்டு வெச்சா தட்டே டிஷ்ஷுன்னு அடிச்சுக் கூட்டத்தை அமைதிப்படுத்திருதாம், பொண்ணு வயசுக்கு வந்த தெரட்டி, கல்யாணமுன்னு ஒறம்பரைச் சனமெல்லாம் எரவல் கேக்கறாங்களாம்.

இத்தனைக்கும் மாதேசு பொண்ணு சுகந்தி ஒரு வார்த்தை சொல்லலை. அவளுக்கு இப்ப இருபத்தி ஏழு வயசு, பத்திரம் எழுதற ஆபீசுல டைப் அடிக்கறா. மன்றத்துல அவதான் பதினோராவது ஆளு. அப்பன் மூஞ்சி அவளுக்கு நெனைப்புல இல்லை, போட்டோவுல பாத்ததுதான். கொரலு இந்தக் கேசட்டுல மட்டும்தான் இருக்குது. கல்யாண வீடியோ எடுக்கலை, போனுல பேசுன காலம் இல்லை, அவன் கொரலு உலகத்துல எட்டுப் பாட்டு, முப்பத்தெட்டு நிமிசம், அவ்வளவுதான். காத்தால ஆபீசுக்குக் கெளம்பறப்ப ஒரு பக்கம் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பா. நான் ஒரு நாளு குத்தம் உறுத்தி, "நிறுத்திரலாமா கண்ணு?"ன்னு கேட்டேன். "போகட்டுமுங்க மாமா. முன்ன கிடாருக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவுல அப்பாவைத் தேடோணும். இப்ப ஒண்ணொண்ணா எடம் காலியாகக் காலியாக அவரு நல்லாக் கேக்குறாரு. நேத்து மூச்சு வாங்கறது கூடக் கேட்டுச்சு"ன்னா.

கடைசியில தை மாசத்துல கேசட்டுல கொரலு மட்டும் நின்னுச்சு. கொரலைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு மன்றத்துல தீர்மானம் போட்டு பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆனா இண்டர்நெட்டுல கெடந்த பாட்டுலயும் கொரலு மட்டும்தானே மிச்சம்? இருபது வருசமா நானூறு பேரு கேட்டதை இப்ப ஒரே மாசத்துல நாப்பதாயிரம் பேரு கேட்டாங்க. இசையே இல்லாம த்ராஷ் பாடுன மொத பேண்டு, என்ன துணிச்சல், எந்தக் காலத்துல பண்ணியிருக்கறாங்கன்னு எழுதித் தள்ளுனாங்க. பாவம், மூணு பேரும் விரலு தேய வாசிச்சது யாருக்கும் தெரியாது.

அந்த நாப்பதாயிரத்துல ஒருத்தன்தான் பெங்களூரு டெரிக். மெட்டல் பத்தி மணிக்கணக்காப் பேசி இண்டர்நெட்டுல போடற பையன். போனு பண்ணுனான். "அங்கிள், இந்த வாய்ஸு ஜெர்மன் வாய்ஸு அங்கிள். எசன் நகரத்துல ஒரு சிங்கரு இருந்தாரு, எண்பத்தாறுல ஒரே ஒரு ரெக்கார்டு. நான் ப்ரூவ் பண்றேன். உங்க ஊர்ல வந்து பேசட்டா, இல்லை இங்கயே எங்க ஆளுங்களைக் கூட்டிப் பேசட்டா?"ன்னான். அங்க பேசுனா எதிர்த்துப் பேச ஒரு நாதி இருக்காது. கொரலு அன்னைக்கே ஜெர்மனிக்கு வண்டியேறிரும். "இங்கயே வா"ன்னேன். விசயத்தைச் சொன்னதும் சுகந்தி மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அந்த ஊர்ல யாரோ ஒரு தாத்தா தொண்டையில எங்க அப்பா போயி உக்காந்துக்குவாருங்களா மாமா?"ன்னா. 

இங்க ஒரு விசயம் சொல்லோணும், இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. அந்தக் கொரலு ஜெர்மனி இல்லை, பிரேசில் இல்லை. அது என்றது. தொண்ணூத்தி நாலுல மத்தியப் பிரதேசத்துல பேதுல் பக்கத்துல ஒரு காட்டுல ராடு மாத்தறப்ப அந்த இரும்புக் கொழாய் நழுவிக் கீழ நின்ன ஆளு மேல விழப் போச்சு. கம்ப்ரஸரு ஓடறப்ப பக்கத்துல இடி விழுந்தாக் கூடக் கேக்காது. நான் அடிவயித்துல இருந்து "ராடு மாத்து!"ன்னு கத்துனேன் பாருங்க, அத்தனை பேரும் அந்த எடத்துலயே நின்னாங்க, ஆளு பொழைச்சான். அன்னைக்கு முழுக்க மாதேசு என்னைக் கேலி பண்ணி அதே மாதிரி கத்திக் கத்திக் காட்டுனான். மறு நாளும் கத்துனான். மூணாம் மாசம் கிடாரை மடியில வெச்சுக்கிட்டு அதே கத்தலைக் கத்துனப்ப அது பாட்டாயிருந்துச்சு. என்ற தொண்டை அன்னைக்குப் போனதுதான், இன்னைக்கு வரைக்கும் உப்புத்தாள் தேய்க்கற மாதிரிதான் பேசறேன். சாதிக் பாய்க்குத் தெரியும், குப்பண்ணனுக்குத் தெரியும். போனைப் போட்டு ரெண்டு பேரையும் ஸ்பீக்கர்ல பேச வெச்சா அந்த ஜெர்மன்காரனுக்கு வக்காலத்து வாங்க உலகத்துல ஆளில்லை. கொரலு என்ற தொண்டைக்கு வந்து சேந்துரும். எனக்கு ஆசை இல்லைன்னு சொன்னா என்ற வாயி அழுகிப் போகும். இத்தனை வருசம் அந்தக் கேசட்டை நான் கேட்டதே, என்ற கொரலைக் கேக்கறதுக்குத்தானுங்க.

மாசி மாசம் மொத ஞாயிறு, பட்டறையில உக்கார எடமில்லை. பம்பைக்காரங்க வந்திருந்தாங்க, கழுத்துல பட்டையோட மில்லுக்காரங்க வந்திருந்தாங்க, தாம்பாளத்துப் பொம்பளை தட்டோட வந்து முன்னாடி உக்காந்துக்கிட்டா. டெரிக் லேப்டாப்பு, ஸ்பீக்கரு, அந்த ஜெர்மன் ரெக்கார்டுன்னு கடை விரிச்சான். நல்ல பையன்தான், சும்மா சொல்லக் கூடாது, மாதேசு மேல உசுரையே வெச்சிருக்கறான். இந்தக் கரகரப்புப் பாருங்க, இந்த எடத்துல இழுக்கறது பாருங்க, இந்த ரெக்கார்டுக் கேசட்டு நாக்பூருக் கடைக்கு வந்ததுக்கு நான் கடைக்காரரு மகனைப் புடிச்சு எழுதி வாங்கியாந்திருக்கேன் பாருங்கன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனான். பூபதி எந்திரிச்சு என்னமோ பேசுனான், டெரிக் பதில் சொன்னான். பிரேசில்காரரு கத்துனாரு, அதுக்கும் சொன்னான். ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. டேப்ரெக்கார்டர்ல மாதேசோட கொரலு லேசா இறங்கறது எனக்குக் கேட்டுச்சு. சுகந்தி கேசட்டு டப்பாவைக் கையில இறுக்கிக்கிட்டு என்னையே பாத்தா.

நான் எந்திரிச்சேன். போனு சட்டைப் பையில இருந்துச்சு. சாதிக் பாய்க்கு முன்னாலயே சொல்லி வெச்சு, அவரும் அங்க வேலையை விட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரு. போனு மேல கையை வெச்சேன், ஆனா வெளிய எடுக்கலை. இந்த ஒரு தடவை பொய் சொன்னேனுங்க.

"தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி, ஆனா ஒண்ணு விட்டுட்டே. தொண்ணூத்தேழு கடைசியில இவன் ஊட்டுல ஒரு கொழந்தை பொறந்துச்சு. பாட்டுப் பழகற நேரமெல்லாம் அது தொட்டில்ல கெடந்து வீறிட்டுக் கத்தும். அதுக்கு மேல சத்தம் வரோணுமேன்னு இவன் கத்துவான், அது இன்னும் கத்தும். அதுகிட்டத் தோத்துத் தோத்துப் பழகுன கொரலு இது. ரெண்டாம் பக்கத்தைப் போடு, 'புகை' பாட்டுல ரெண்டாவது நிமிசம். கத்தறப்ப நடுவுல விக்குற மாதிரி ஒரு மூச்சு அறுந்து மறுக்காக் கத்தறான் பாரு. உன்ற ஜெர்மன்காரன் எங்கயாவது இப்புடி அறுக்கறானா? பெரிய மனுசன் எவனும் இப்புடி அழ மாட்டான். கைக்கொழந்தைதான் மூச்சு முட்டி நிறுத்தி அழுகும். அந்தக் கொழந்தை இந்தா உக்காந்திருக்குது."

டேப்பை ஓட விட்டாங்க. மூச்சு அறுந்துச்சு. தாம்பாளத்துப் பொம்பளை, "ஆமா சாமி, பசிக்கு அழுகறதுதான் இது"ன்னா. டெரிக் மறுக்கா ஒரு தடவை கேட்டான், ஜெர்மன் ரெக்கார்டைத் தேடித் தேடி ஓட விட்டான், வாயைத் தொறந்தான், மூடிக்கிட்டான்.  எதிர்த்துப் பேச ஒரே ஒரு ஆளுதான் மிச்சம், அது நான். பதில் தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. அது பேதுல் காடு, அது நானு, அது என்றதுன்னு முட்டுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு, பிட்டுத் தீட்டற கல்லைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். டேப்பு ஓடுச்சு, அதுல ஒண்ணுமில்லை. வெறும் நாடா சுத்தற சத்தம்.

யாரும் எந்திரிக்கலை. மரியாதைக்காகக் கடைசி வரைக்கும் அந்த வெறும் டேப்பைக் கேட்டோம், அப்பறம் ஒவ்வொருத்தரா சுகந்தி தலையில கையை வெச்சுட்டுக் கெளம்புனாங்க. டெரிக் ரெக்கார்டை உறையில போட்டுக்கிட்டு, "சாரி சிஸ்டரு"ன்னான். அவ தலையை மட்டும் ஆட்டுனா, வாயைத் தொறக்கலை, தொறக்கப் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா. எல்லாரும் போன பொறவு நான் ரெண்டு டீ வாங்கியாந்து ஒண்ணை அவ முன்னாடி வெச்சேன்.

"ஏனுங்க மாமா"ன்னா.

அட சாமி! அது மாதேசு. அடிவயித்துக் கரகரப்பு, அந்த இழுப்பு, இருபத்தாறு வருசத்துக்கு அப்பறம் என்ற பட்டறையில, எனக்கு எதுக்க உக்காந்துக்கிட்டு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு, நான் அழுதேன், வெக்கமில்லாம அழுதேன். அவளும் தன் கொரலைத் தானே கேட்டு அழுதா, அழுகை கூட அவன் கொரல்லதான் வந்துச்சு. தெருவுல போன ஒருத்தன் எட்டிப் பாத்து, "ஓ, வந்துருச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

அவ மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, என்னைக் கண்ணுக்கு நேராப் பாத்து, அவ அப்பன் கொரல்ல கேட்டா. "ஏனுங்க மாமா, நீங்க சொன்னது பொய்தானுங்களே? இது யாரு கொரலுங்க?"

டேப்ரெக்கார்டர்ல கேசட்டு இன்னும் கெடந்துச்சு. மன்றத்து ஆளுங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தோம். நான் வாயைத் தொறந்து நெசத்தைச் சொன்னா அவளால எதிர்த்துப் பேச முடியாது.

"டீ ஆறுது கண்ணு, குடி"ன்னேன்.